கம்பைலர் மாற்றிய வரிசை: காற்றாலை கேட்வே ஒன்றில் பதிவுகள் கலந்துபோன நிகழ்வு

பின்னணி

பணகுடி, காவல்கிணறு, வடக்கன்குளம், ராதாபுரம் வட்டாரக் காற்றாலைகளுக்கு வைகாசி முதல் புரட்டாசி வரைதான் அறுவடைக்காலம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று ஆடியில் உச்சத்துக்குப் போகும். ஆண்டு உற்பத்தியில் பெரும்பங்கு இந்த மாதங்களில் கிடைப்பதால், அப்போது ஒரு கருவி கோளாறு செய்தால் யாருக்கும் பொறுமை இருக்காது. இங்கே எழுதும் நிகழ்வு அப்படியொரு பருவத்தில் நடந்தது.

பாளையங்கோட்டையில் இயங்கும் சிறிய குழு ஒன்று கேட்வே பெட்டி தயாரிக்கிறது. காற்றாலைக் கோபுரத்தின் அடியில் உள்ள கண்ட்ரோலரிடம் மோட்பஸ் என்ற தொழிற்கருவித் தொடர்பு முறை வழியாக அளவுகளை வாங்கி, மொபைல் நெட்வொர்க் மூலம் சர்வருக்கு அனுப்புவதுதான் அதன் வேலை. மென்பொருள் சி மொழியில் எழுதப்பட்டது; அதைச் சிப்புக்கான கட்டளைகளாக மாற்றுவது கம்பைலர். உள்ளே இரண்டு த்ரெட்கள், அதாவது ஒரே நிரலுக்குள் தனித்தனியாக ஓடும் இரண்டு வேலைத்தொடர்கள். வாசிக்கும் த்ரெட் 200 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை ஒரு பதிவை உருவாக்கும்: வரிசை எண், நேரம், காற்றின் வேகம், சுழற்சி, மின்திறன். அனுப்பும் த்ரெட் சேர்ந்திருக்கும் பதிவுகளை அள்ளி அனுப்பிவிட்டு, சர்வரின் பதிலுக்குக் காத்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் 64 கட்டங்கள் கொண்ட ஒரு ரிங் பஃபர்: கடைசிக் கட்டம் முடிந்ததும் மறுபடி முதல் கட்டத்தில் எழுதும் தற்காலிகச் சேமிப்பு. ஒரு த்ரெட் தொடும்போது மற்றதைத் தடுத்து நிறுத்தும் பூட்டு கிடையாது. எந்தக் கட்டம்வரை எழுதியாயிற்று என்று காட்டும் 'தலை' என்ற எண்ணை வாசிக்கும் த்ரெட் மட்டும் மாற்றும், எந்தக் கட்டம்வரை படித்தாயிற்று என்று காட்டும் 'வால்' என்ற எண்ணை அனுப்பும் த்ரெட் மட்டும் மாற்றும். ஒருவர் எழுதி ஒருவர் படிக்கும் ரிங்குக்குப் பூட்டு தேவையில்லை என்ற எண்ணம் தவறல்ல. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு, அது இந்தக் கோடில் (நிரல் வரிகளில்) எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை.

பழைய பெட்டியில் இருந்தது ஒற்றை கோர் ஆர்ம் சிப், அதாவது கணக்கிடும் பகுதி ஒன்றே உள்ள சிப். அதில் இந்தக் கோடு பல ஆண்டுகள் சிக்கலில்லாமல் ஓடியது. பிறகு மூன்று மாற்றங்கள் வந்தன. பழைய சிப் கிடைப்பது குறைந்ததால், நான்கு கோர் கொண்ட கார்டெக்ஸ் ஏ72 போர்டுக்கு மாறினார்கள். ரிங் காலியாக இருந்தால் அனுப்பும் த்ரெட் அடுத்த பதிவுக்காகச் சுற்றிச் சுற்றிக் காத்திருக்கும் லூப்பில், "கொஞ்சம் அடுத்தவருக்கு வழிவிடு" என்று இயங்குதளத்திடம் சொல்லும் அழைப்பு ஒன்று இருந்தது. நாலு கோர் இருக்கும்போது இது எதற்கு என்று அதை நீக்கினார்கள். கடைசியாக, மொபைல் நெட்வொர்க்கில் அனுப்பும் அப்டேட்டின் அளவைக் குறைக்க, கோடைக் கம்பைலரே செம்மைப்படுத்தும் ஓ2 ஆப்டிமைசேஷனோடு எல்டிஓவையும் இயக்கினார்கள். இணைக்கும் கட்டத்தில் எல்லாக் கோப்புகளையும் ஒன்றாகப் பார்த்துச் சுருக்கும் வசதி அது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் நியாயமான காரணம் இருந்தது. மூன்றையும் ஒருசேர யாரும் பார்க்கவில்லை.

முதல் அறிகுறி: டவர் நன்றாக இருக்கும் இடத்தில் நின்றது

அப்டேட் போன சில நாட்களில் சில பெட்டிகளிலிருந்து தரவு வருவது நின்றது. தொலைவிலிருந்து உள்ளே நுழைய முடிந்தது, நிரலும் உயிரோடு இருந்தது. ஆனால் ஒரு கோர் மட்டும் 100 சதவீதத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நிரலை மறுபடி தொடங்கினால் சரியாகிவிடும்.

முதல் சந்தேகம் நெட்வொர்க் மேல்தான் விழுந்தது. காற்றாலைக் காடுகளில் அது வழக்கமான சந்தேகம். அதை உடைத்தவர் களத்தில் சுற்றும் டெக்னீஷியன். "டவர் ஃபுல்லா இருக்க எடத்துலதான் அண்ணாச்சி நிக்குது. தேரிப் பக்கம் உள்ளது ஒண்ணுகூட நிக்கல" என்று மூத்த பொறியாளரிடம் சொன்னார். பட்டியல் போட்டுப் பார்த்தபோது அது உண்மை. நால்வழிச் சாலையை ஒட்டியவை நின்றன, சிக்னல் தடுமாறும் உள்பகுதியில் இருந்தவை ஓடின. நெட்வொர்க் கோளாறு என்றால் இது தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

அலுவலக லேப்டாப்பில் எவ்வளவு ஓட்டியும் நிற்கவில்லை. அங்கே ஓடியது ஆப்டிமைசேஷன் இல்லாத டீபக் பதிப்பு. களத்துப் பெட்டி ஒன்றில், காத்திருக்கும் லூப்புக்குள், நடப்பதைக் குறித்துவைக்கும் ஒரு லாக் வரி சேர்த்தார்கள். கோளாறு மறைந்தது. லாக்கை எடுத்ததும் திரும்பி வந்தது. கேட்பவருக்கு இது மாயம்போலத் தோன்றும். காரணம் சாதாரணமானது: லாக் எழுதும் ஃபங்ஷன் நூலகத்தில் இருக்கிறது, அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று கம்பைலருக்குத் தெரியாது. அது மெமரியில் எதை வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம் என்று கருதி, ஒவ்வொரு சுற்றிலும் தலையை மெமரியிலிருந்து புதிதாகப் படித்தே ஆக வேண்டும்.

நீக்கப்பட்ட அந்த வழிவிடும் அழைப்பும் இதே வேலையைத் தன்னையறியாமல் செய்துகொண்டிருந்தது. அதை நீக்கிய பிறகும் உடனே எதுவும் நடக்கவில்லை, ஏனென்றால் ரிங்கில் எத்தனை பதிவு இருக்கிறது என்று சொல்லும் ஃபங்ஷன் வேறு கோப்பில் இருந்தது. எல்டிஓ வந்ததும் அந்தச் சுவரும் போனது. ஃபங்ஷனின் உடல் லூப்புக்குள் வந்து உட்கார்ந்தது. இப்போது கம்பைலருக்குத் தெரிவது: இந்த லூப்புக்குள் தலையை யாரும் மாற்றவில்லை. மாறாத ஒன்றை ஒவ்வொரு சுற்றிலும் எதற்குப் படிக்க வேண்டும்? ஒருமுறை படித்து லூப்புக்கு வெளியே வைத்துவிட்டது. கம்பைலர் உருவாக்கிய கட்டளைகளின் அசெம்பிளி பட்டியலில் லூப் இருக்க வேண்டிய இடத்தில், தன்னிடமே தாவும் ஒற்றைக் கட்டளை மட்டும் இருந்தது.

டவர் புதிரும் இதோடு அவிழ்ந்தது. சர்வரின் பதில் 200 மில்லிசெகண்டுக்கு மேல் தாமதமானால், அனுப்பும் த்ரெட் திரும்பி வரும்போது ரிங்கில் அடுத்த பதிவு தயாராக இருக்கும், எனவே லூப்புக்குள் காத்திருக்கும் வேலையே வராது. பதில் சீக்கிரம் வந்தால் ரிங் காலியாக இருக்கும். ஒரே ஒருமுறை காலியாக இருந்தால் போதும், அதன்பின் அந்த த்ரெட் மீளவே மீளாது.

முதல் திருத்தம்: வாலடைல்

தலை, வால் இரண்டையும் வாலடைல் என்று அறிவிப்பதுதான் முதல் திருத்தம். அதைப் பரிந்துரைத்தவர் ஜாவாவில் நீண்ட காலம் வேலை பார்த்தவர். ஜாவா 5 2004இல் வந்தபோது மெமரி மாடல், அதாவது ஒரு த்ரெட் எழுதியது மற்றதற்கு எப்போது தெரியும் என்ற விதி, திருத்தி எழுதப்பட்டது. அதிலிருந்து ஜாவாவில் ஒரு வாலடைல் மாறியில் எழுதினால், அதற்கு முன் எழுதிய மற்றவையும் அதைப் படிக்கும் த்ரெட்டுக்குத் தெரியும் என்று மொழியே உறுதி தருகிறது. சி மொழியின் வாலடைல் அந்த உறுதியைத் தருவதில்லை. அந்த மாறியைத் தொடும் ஒவ்வொரு முறையும் உண்மையிலேயே தொடு, வாலடைல்களுக்குள் வரிசையை மாற்றாதே, அவ்வளவுதான் அதன் பொருள். பக்கத்தில் உள்ள சாதாரண மாறிகளைப் பற்றி அது வாயே திறக்காது. வன்பொருள் ரிஜிஸ்டர்களைத் தொடுவதற்காக வந்த வசதி அது.

என்றாலும் பெட்டிகள் தொங்குவது, அதாவது அப்படியே உறைந்து நிற்பது, ஓய்ந்தது. அறிகுறி மறைந்ததால் எல்லாப் பெட்டிகளுக்கும் அப்டேட் போனது. பருவம் உச்சத்தில் இருந்த நேரத்தில் இந்த முடிவை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் பெட்டிகள் உறைந்ததற்கான காரணம் தெரிந்த பிறகும், அந்தக் காரணம் வேறு எங்கே தலைகாட்டும் என்ற கேள்வியை யாரும் எழுப்பவில்லை.

இரண்டாவது அறிகுறி: 64 பதிவுக்கு முந்திய எண்

ஆடிக் காற்று சுழற்றி அடிக்கத் தொடங்கியதும் கண்காணிப்பு அறையில் வினோதமான அலாரங்கள் வந்தன. காற்று தணிந்திருக்கிறது, மின்திறன் மட்டும் மிக அதிகம் என்று காட்டும் பதிவு ஒன்று, அடுத்த பதிவில் எல்லாம் சரி. இப்படி நாளைக்குச் சில. சென்சார் என்றார்கள், கேபிளின் எர்த் என்றார்கள். சில காற்றாலைகளில் கேபிளையே மாற்றிப் பார்த்தார்கள். அலாரம் வந்துகொண்டே இருந்தது. இந்தக் கட்டத்தில்தான் நிரலின் கோடைப் பார்க்க என்னை அழைத்தார்கள்.

கேபிள் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு என்பதற்கு வலுவான ஆதாரம் ஒன்று கையிலேயே இருந்தது. மோட்பஸ் ஆர்டியூவில் ஒவ்வொரு பதிலின் முடிவிலும் 16 பிட் சிஆர்சி சரிபார்ப்பு உண்டு. கம்பியில் பிட் சிதைந்தால் அந்தப் பதில் நிராகரிக்கப்படும், நம்பும்படியான வேறொரு எண்ணாக மாறி உள்ளே வருவது அபூர்வம்.

தவறான பதிவுகளை வரிசை எண்ணோடு எடுத்து வைத்துப் பார்த்தோம். வரிசை எண், நேரம், காற்று, சுழற்சி எல்லாம் புதியவை. மின்திறன் மட்டும் பழையது. எவ்வளவு பழையது என்று பின்னோக்கித் தேடினால், பார்த்த ஒவ்வொன்றிலும் அந்த எண் மிகச் சரியாக 64 பதிவுகளுக்கு முந்தியது. அதாவது 12.8 செகண்டுக்கு முன் அதே கட்டத்தில் எழுதப்பட்ட அளவு. ரிங்கின் நீளமும் 64. அதோடு சென்சார், கேபிள், எர்த் பேச்செல்லாம் முடிந்தது.

ஆடியில் மட்டும் இது தெரிந்ததற்கும் விளக்கம் கிடைத்தது. காற்று சீராக வீசும்போது 12.8 செகண்டுக்கு முந்திய மின்திறனுக்கும் இப்போதைய மின்திறனுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. சூறைபோல வந்து தணியும் காற்றில்தான் பழைய எண் துருத்திக்கொண்டு நிற்கும்.

அசெம்பிளியில் பார்த்தது

கோடில் மனிதர் எழுதிய வரிசை: நேரம், காற்று, சுழற்சி, மின்திறன், அதன்பின் தலையைக் கூட்டுதல். கம்பைலர் வெளியிட்ட வரிசை: நேரம், காற்று, சுழற்சி, தலை, அதன்பின் மின்திறன்.

ஏன் மின்திறன் மட்டும்? கண்ட்ரோலர் தரும் மூல எண்ணை ஒரு அளவுகோலால் வகுத்துத்தான் மின்திறன் கிடைக்கிறது. மிதவைப்புள்ளி (தசம எண்) வகுத்தல் மற்ற கணக்குகளைவிடச் சிப்பின் நேரத்தை அதிகம் எடுக்கும். விடை வரும்வரை சும்மா இருப்பானேன் என்று, அந்த இடைவெளியில் தலையை எழுதும் கட்டளையை, கம்பைலரில் கட்டளைகளை வரிசைப்படுத்தும் ஷெட்யூலர் நுழைத்துவிட்டது. ஒரே த்ரெட்டின் பார்வையில் இதில் பிழையே இல்லை. இறுதி விடை மாறவில்லை. தலை வாலடைல், மின்திறன் சாதாரண மாறி, இரண்டுக்கும் நடுவில் வரிசை காக்க வேண்டும் என்று மொழி சொல்லவில்லை. ரேஷன் கடையில் 'சீனி வந்துவிட்டது' என்று பலகையை எழுதித் தொங்கவிட்ட பிறகு லாரியிலிருந்து மூட்டையை இறக்குவதுபோல. கடைக்காரர் கணக்கில் எல்லாம் சரி, பலகையைப் பார்த்து உள்ளே வந்தவருக்குத்தான் சிக்கல்.

பலகையைப் பார்த்துக்கொண்டே நிற்பவரும் இங்கே உண்டு. ரிங் காலியாக இருக்கும்போது அனுப்பும் த்ரெட் இன்னொரு கோரில் தலையையே வெறித்துக்கொண்டு சுற்றுகிறது. தலை மாறிய கணமே கட்டத்துக்குள் பாய்கிறது. எனவே மிகச் சிறிய இடைவெளிகூட அவ்வப்போது மாட்டும். கலந்த பதிவுகளும் டவர் நன்றாக உள்ள பெட்டிகளிலிருந்தே வந்திருந்தன.

சோதனைக்காக, கம்பைலர் தடுப்பு ஒன்றைத் தலைக்கு முன் வைத்தோம். எந்தக் கட்டளையையும் உருவாக்காமல், 'இந்தக் கோட்டைத் தாண்டி மெமரி வேலைகளை நகர்த்தாதே' என்று கம்பைலரிடம் மட்டும் சொல்லும் வரி அது. அசெம்பிளியில் வரிசை சரியானது. கலந்த பதிவுகள் வெகுவாகக் குறைந்தன, ஆனால் முற்றிலும் போகவில்லை.

மிச்சத்துக்குக் காரணம் சிப். ஆர்ம் கட்டமைப்பில், ஒரு கோர் இருவேறு முகவரிகளில் எழுதியவை மற்ற கோர்களுக்கு அதே வரிசையில் தெரிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. படிக்கும் பக்கமும் அப்படித்தான். 'தலை மாறியிருந்தால் மட்டும் கட்டத்தைப் படி' என்று நிபந்தனை போட்டிருந்தாலும், நிபந்தனையின் முடிவை ஊகித்து, கட்டத்தை முன்கூட்டியே படித்துவைக்க ஏ72 போன்ற கோருக்கு அனுமதி உண்டு. லேப்டாப்பில் உள்ள எக்ஸ்86 வகைச் சிப் இவ்வளவு தாராளம் இல்லை. அங்கே சாதாரண மெமரியில் நடக்கக்கூடிய இடமாற்றம் ஒன்றுதான்: எழுதியது வெளியே தெரிவதற்குள், பின்னால் வரும் வேறு முகவரியின் படிப்பு முந்திக்கொள்ளலாம். இந்த ரிங்குக்கு அதனால் பாதிப்பில்லை. பழைய ஒற்றை கோர் போர்டிலோ, த்ரெட்கள் மாறி மாறி ஒரே கோரில் ஓடியதால் அந்த கோருக்குத் தன் எழுத்துகள் வரிசையாகத்தான் தெரியும். பல ஆண்டுகள் கோடு சரியாக ஓடியதன் கதை இதுதான்: ஒற்றை கோர், கோப்பு எல்லை, ஒரு வழிவிடும் அழைப்பு.

லெஸ்லி லாம்போர்ட் 1979இல் வரையறுத்த வரிசை ஒத்திசைவைத்தான் நம்மில் பெரும்பாலோர் மனதில் வைத்துக் கோடு எழுதுகிறோம்: எல்லா த்ரெட்களின் வேலைகளும், அவரவர் வரிசை குலையாமல், ஒரே கோட்டில் கோத்ததுபோல நடக்கும் என்று. 2011இல் வந்த சி11 தரம் அந்த உறுதியைத் தருகிறது, ஆனால் நிபந்தனையோடு. இரண்டு த்ரெட்கள் ஒரே சாதாரண மாறியை ஒத்திசைவின்றித் தொட்டு, அதில் ஒன்றாவது எழுதுவதாக இருந்தால், அது டேட்டா ரேஸ். அதன்பின் நிரல் என்ன செய்யும் என்பதற்கு மொழி பொறுப்பேற்காது. பின்னணியில் குறிப்பிட்ட, எங்கும் எழுதப்படாத நிபந்தனை இதுவே.

எடுத்த முடிவும் காரணமும்

ஆப்டிமைசேஷனை அடியோடு நிறுத்திவிடலாம் என்ற யோசனை வந்தது. சிப்பின் இடமாற்றத்துக்கு அது மருந்தல்ல என்பதால் விட்டோம். மியூட்டெக்ஸ் என்ற பூட்டைப் போடலாம் என்பது நல்ல யோசனை. செகண்டுக்கு ஐந்து பதிவு வரும் இடத்தில் பூட்டில்லாத ரிங் தேவையே இல்லை என்பது என் கருத்து. ஆனால் இருந்த அமைப்பில் அனுப்பும் த்ரெட் கட்டத்திலிருந்து நேரடியாகவே பாக்கெட்டை அனுப்பியது. அப்படியே பூட்டைச் சுற்றினால், நெட்வொர்க் தாமதமாகும் நேரமெல்லாம் வாசிக்கும் த்ரெட் வெளியே நிற்கும், கண்ட்ரோலரின் அளவுகள் தவறும். அதைச் சரிசெய்ய அமைப்பையே பிரித்துக் கட்ட வேண்டும். ஆடி மாதத்தில், தொலைவிலிருந்து செய்யும் வேலை அல்ல அது.

எனவே இரண்டு கட்டமாகச் செய்ய முடிவானது. உடனடியாகத் தலையும் வாலும் சி11 அட்டாமிக்குகளாக, அதாவது த்ரெட்கள் பகிர்ந்துகொள்வதற்கென்றே மொழி தரும் மாறிகளாக, மாறும். எழுதுபவர் தலையை 'ரிலீஸ்' முறையில் எழுதுவார், படிப்பவர் அதை 'அக்வயர்' முறையில் படிப்பார். ரிலீஸுக்கு முன் எழுதிய எல்லாம், அந்த மதிப்பை அக்வயராகப் படித்தவருக்குத் தெரிந்தே தீரும். இது கம்பைலர், சிப் இரண்டையும் ஒருசேரக் கட்டுப்படுத்துகிறது. 64 பிட் ஆர்மில் இதற்கென்றே எஸ்டிஎல்ஆர், எல்டிஏஆர் என்ற கட்டளைகள் உண்டு. எக்ஸ்86இல் சாதாரண கட்டளையே போதும், ஆனால் கம்பைலர் வரிசையை மாற்றாது.

வரைவுத் திருத்தத்தில் தலைக்கு மட்டும்தான் இந்த முறை இருந்தது. சரிபார்ப்பில் வால் பக்கமும் சேர்ந்தது. படிப்பவர் கட்டத்தைப் படித்து முடிக்கும் முன்பே வால் கூடியதாக எழுதுபவருக்குத் தெரிந்தால், நிரம்பிய ரிங்கில் படித்துக்கொண்டிருக்கும் கட்டத்தின் மேலேயே புதிய பதிவு விழும். டவர் மோசமான பெட்டிகளில்தான் ரிங் நிரம்பும். ஆகவே தலையை மட்டும் சரிசெய்திருந்தால் கோளாறு நால்வழிச் சாலையை விட்டுத் தேரிப் பக்கம் இடம்பெயர்ந்திருக்கும்.

எதுவும் குறிப்பிடாமல் அட்டாமிக்கைப் பயன்படுத்தினால் இன்னும் கடுமையான வரிசை தானாகவே கிடைக்கும், இந்த வேகத்துக்கு அதன் செலவும் பொருட்டல்ல. ரிலீஸ், அக்வயர் என்று வெளிப்படையாக எழுதியது வேகத்துக்காக அல்ல. எந்த எழுத்து எந்தப் படிப்போடு கைகோக்கிறது என்பது அடுத்து கோடைத் திறப்பவருக்குத் தெரிய வேண்டும்.

அதே நாளில் பழைய கோடை லேப்டாப்பில், டேட்டா ரேஸைக் கண்டுபிடிக்கும் த்ரெட்சானிட்டைசர் என்ற கருவியோடு ஓட்டினோம். ஓட்டிய உடனே தலை, வால், கட்டம் மூன்றிலும் டேட்டா ரேஸ் என்று அறிக்கை வந்தது. எக்ஸ்86இல் ஒருமுறைகூடத் தவறாத கோடு அது. பதிவு கலந்ததா என்று இந்தக் கருவி பார்ப்பதில்லை, இரண்டு தொடுகைகளுக்கு நடுவில் 'இதற்குப் பின் இது' என்ற உறவு நிறுவப்பட்டிருக்கிறதா என்று பார்க்கிறது. நிரல் வழக்கத்தைவிட 5 முதல் 15 மடங்கு மெதுவாக ஓடும், மெமரியும் பல மடங்கு பிடிக்கும். களத்துப் பெட்டியில் வைத்து ஓட்டுவது சிரமம், மேசையில் ஓட்டத் தடையே இல்லை.

அதன் பிறகு

திருத்தம் முதலில் காவல்கிணறு, பணகுடிப் பக்கம் டவர் மிக நன்றாக உள்ள சில பெட்டிகளுக்கு மட்டும் போனது. கோளாறு வருமானால் அங்கேதான் முதலில் வரும். சர்வர் பக்கம், ஒவ்வொரு பதிவின் மின்திறனையும் 64 பதிவுக்கு முந்தியதோடு ஒப்பிடும் ஒரு சோதனை வைத்தார்கள். ஒரு வாரம் சுத்தமாக ஓடியதும் மற்றவற்றுக்கும் அனுப்பினார்கள். எஞ்சிய பருவத்தில் தொங்கலும் இல்லை, கலப்பும் இல்லை.

பழைய தரவை அந்தச் சோதனையால் பின்னோக்கி அலசியபோது, ஒற்றை கோர் பெட்டிகளின் காலத்தில் கலந்த பதிவு எதுவும் சிக்கவில்லை. புதிய பெட்டிகளில் சிக்கியவற்றுக்குச் சந்தேகக் குறி போட்டார்கள், திருத்தவில்லை. காற்று சீராக இருந்த நேரத்தில் கலந்திருந்தால் அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. இதை வாடிக்கையாளர்களிடம் எழுத்தில் தெரிவித்ததைச் சிலர் தேவையில்லாத நேர்மை என்றார்கள். கேபிள் மாற்றிய செலவுக்கு விளக்கம் கேட்பவர்களிடம் வேறென்ன சொல்ல முடியும்?

ஐப்பசியில் இரண்டாம் கட்டம். அனுப்பும் த்ரெட் பூட்டுக்குள் பதிவுகளைத் தன்னுடைய இடத்துக்குப் பிரதி எடுத்துக்கொண்டு, பூட்டை விட்ட பிறகே அனுப்பும்படி மாற்றினார்கள். சும்மா சுற்றும் லூப் போய், பதிவு வந்தால் த்ரெட்டை எழுப்பும் கண்டிஷன் வேரியபிளில் தூங்கி விழிக்கும் முறை வந்தது. ஒரு கோரின் வீண் ஓட்டம் நின்றதில் பெட்டியின் சூடும் குறைந்தது.

மாற வேண்டியவை

சோதனை ஓடும் பதிப்பும் களத்துக்குப் போகும் பதிப்பும் ஒரே கம்பைலர் கொடிகளோடு (ஓ2, எல்டிஓ போன்ற தேர்வுகளோடு), ஒரே வகைப் போர்டில் இருக்க வேண்டும் என்பது இப்போது நடைமுறைக்கு வந்துவிட்டது. மேசையில் இரண்டு ஏ72 போர்டுகள் நிரந்தரமாக ஓடுகின்றன, ஒன்றுக்கு வேகமான நெட்வொர்க், மற்றதற்கு வேண்டுமென்றே தாமதப்படுத்திய நெட்வொர்க். கம்பைலர் கொடியை மாற்றுவதும் கோடை மாற்றுவதாகவே கருதப்பட்டுச் சரிபார்ப்புக்கு வருகிறது. இரவுதோறும் த்ரெட்சானிட்டைசர் ஓட்டமும் உண்டு. அது ஓடிய பாதைகளை மட்டுமே பார்க்கும் என்பதால், இரண்டு த்ரெட் தொடும் எந்த மாறியும் அட்டாமிக்காக இருக்க வேண்டும் அல்லது பெயர் சொல்லி ஒரு பூட்டின் கீழ் இருக்க வேண்டும் என்பதைச் சரிபார்ப்பவர் கண்ணால் பார்த்தே கையெழுத்திட வேண்டும்.

இதே ரிங்கின் பழைய பிரதி, காற்றின் வேகம் அளக்கும் கம்பங்களில் உள்ள ஒற்றை கோர் லாகர்களில் (அளவுகளைப் பதியும் கருவிகளில்) இன்னும் ஓடுகிறது. அங்கே எல்டிஓ இல்லை, வழிவிடும் அழைப்பும் அப்படியே இருக்கிறது, எனவே அவசரமில்லை என்று ஒரு தரப்பு. அடுத்த வைகாசிக்குள் அதையும் மாற்றிவிட வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் முடிவாகவில்லை.